சட்டம் வரையாத எல்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்சங்கம் முடிந்து, பிரசாதம் வழங்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை. பூனாவில் பல ஆண்டுகளாக வசிக்கும், நன்கு அறிமுகமான ஒரு தம்பதியர் அருகில் வந்து அமர்ந்தனர். கணவர் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி கல்லூரிப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். கணவரின் கையில் தடித்த கோப்பு ஒன்று இருந்தது.

கணக்குத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், இத்தகைய கோப்புகளுடன் அன்பர்கள் என்னிடம் வருவது வழக்கம். அவர் தம் ஐயத்தைச் சொன்னார்: "ஐயா, சேமிப்பெல்லாம் என் பெயரிலேயே இருக்கிறது. வட்டிக்கு வரி மிகுதியாகப் போகிறது. ஒரு கோடி ரூபாயை என் மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால் வரி குறையும் அல்லவா?"

நான் விடை சொல்வதற்கு முன்பே அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பணம் என் பெயரில் இருக்குமாம், ஐயா. ஆனால் நான் அதைத் தொடக் கூடாதாம்."

கணவரும் சிரித்தார். பிறகு அம்மையார் சற்று அமைதியாக இருந்துவிட்டு, "எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. எங்கள் இருவருக்கும் எவ்வளவு இருந்தால் போதும்? நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். இதை மட்டும் பேசியதே இல்லை" என்றார்.

கணவர் கேட்டது கணக்கைப் பற்றிய கேள்வி. மனைவி கேட்டது தர்மத்தைப் பற்றிய கேள்வி. ஆழ்ந்து பார்த்தால் இவை இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களே என்பது விளங்கும். நம் அன்பர்களில் பலர் இன்று அதே இடத்தில் நிற்கிறார்கள் என்பதால், அன்று அவர்களுடன் பேசியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

வரம்புகள் கூறும் செய்தி

முதுமைக்காகச் சேமிப்பவருக்கு அரசு உதவி செய்கிறது. அந்த உதவிக்கு ஓர் எல்லையும் வைத்திருக்கிறது. 1968-இல் தொடங்கப்பட்ட பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதியில் ஒருவர் ஓர் ஆண்டில் ரூ.1.5 லட்சம் வரைதான் செலுத்த முடியும். 2014 முதல் இந்த வரம்பு நடைமுறையில் உள்ளது. காரோட்டுபவருக்கும் அதே வரம்பு. அந்தக் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் முதலாளிக்கும் அதே வரம்பு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் ரூ.15 லட்சம் வரை வைக்கலாம் என்றிருந்தது. 2023 ஏப்ரல் முதல் அது ரூ.30 லட்சமாக உயர்த்தப்பட்டது. கணவனும் மனைவியும் தகுதி உடையவர்களாயின் இருவரும் தனித்தனியே வைக்கலாம்.

மாதச் சம்பளம் பெறுவோரின் பி.எஃப். நிதியிலும் அண்மைக் காலத்தில் இத்தகைய எல்லைகள் வந்துள்ளன. பி.எஃப்., தேசிய ஓய்வூதியத் திட்டம், நிறுவனத்தின் ஓய்வூதிய நிதி ஆகிய மூன்றுக்குமாகச் சேர்த்து நிறுவனம் செலுத்தும் தொகை ஆண்டுக்கு ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊழியரின் வருமானமாகக் கொள்ளப்படும் என்று 2020-இல் விதிக்கப்பட்டது. நிறுவனமும் பங்கு செலுத்தும் பி.எஃப். கணக்கில், ஊழியர் தம் பங்காக ஆண்டுக்கு ரூ.2.5 லட்சத்துக்கு மேல் செலுத்தினால், அந்த மிகைத் தொகையின் வட்டிக்கு வரி உண்டு என்று 2021-இல் விதி வந்தது. உயர்ந்த வருமானம் உடையோர் பெறும் வரிவிலக்கை நெறிப்படுத்துவதே இதன் நோக்கம் என்று அவ்வாண்டு நிதிநிலை அறிக்கையில் கூறப்பட்டது.

இவ்விதிகளைக் கண்டு சிலர் சினம் கொள்கிறார்கள். "நான் உழைத்துச் சேர்த்த பணம், அதற்கு எல்லை வைக்க இவர்கள் யார்?" என்று கேட்கிறார்கள். சற்று நிதானித்துப் பார்ப்போம். சேமிப்பதற்கு எவரும் எல்லை வைக்கவில்லை. வரியின்றிச் சேமிப்பதற்குத்தான் எல்லை வைக்கப்பட்டுள்ளது. வரிவிலக்கு என்பது வானத்திலிருந்து விழும் கொடை அன்று. ஒருவர் செலுத்தாது விடும் வரியின் சுமையை நாட்டிலுள்ள மற்றவர்கள் பகிர்ந்து ஏற்கிறார்கள். கடையில் ஒரு சோப்புக்கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் அதன் விலையோடு சேர்த்து வரி செலுத்துகிறார். அவரும் சேர்ந்துதான் நம் முதுமைக்குத் துணை நிற்கிறார்.

இப்படிப் பார்க்கும்போது அந்த வரம்பு நம்மிடம் ஒன்றைச் சொல்கிறது: "நீ தளர்ந்த காலத்தில் பிறர் கையை எதிர்பாராமல் வாழச் சமுதாயம் உனக்கு உதவும். அதற்கு மேல் நீ குவிப்பது உன் விருப்பம். அந்தக் குவியலுக்கும் சமுதாயம் துணை நிற்க வேண்டும் என்று கேட்காதே." பாதுகாப்புக்கான சேமிப்பு வேறு, குவிப்பு வேறு என்ற இந்த வேறுபாட்டைச் சட்டம் ஓர் எண்ணால் காட்டுகிறது. அந்த எண் சரியா, கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வேறுபாடு உண்மையானது என்பதை மறுக்க இயலாது.

கொடுத்தும் கொடாத கொடை

இனி அந்த அன்பரின் கேள்விக்கு வருவோம். கணவன் மனைவிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அன்பளிப்பாகக் கொடுக்கலாம். அதற்கு நம் நாட்டில் வரி இல்லை. ஆயினும் ஈடு எதுவும் பெறாமல் கணவன் மனைவிக்குக் கொடுத்த பணத்திலிருந்து வரும் வட்டியும் வாடகையும் கணவனின் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். மனைவி கணவனுக்குக் கொடுத்தாலும் விதி அதுவே. சிறுவயதுப் பிள்ளைகளின் பெயரில் போட்டு வைக்கும் பணத்தின் வருமானமும் பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது. ஆகவே ஒரு கோடி ரூபாயை மனைவி பெயருக்கு மாற்றினாலும் அந்த வட்டிக்கான வரியைக் கணவரே செலுத்தியாக வேண்டும். இதைக் கேட்டதும் அன்பரின் முகம் சற்று வாடியது.

இந்த விதியின் உட்பொருள் சிந்தனைக்கு உரியது. சட்டம் மனிதரின் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க இயலாது. "கொடுத்தேன்" என்று எழுதியவர் உண்மையாகவே கொடுத்தாரா, அல்லது பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பிடியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டாரா என்று அதற்குத் தெரியாது. எனவே எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துகிறது. உள்ளே புகுந்து பார்க்கக்கூடிய ஒருவர் உண்டு, அவர் கொடுத்தவரே. "பணம் என் பெயரில் இருக்குமாம், நான் தொடக் கூடாதாம்" என்று அம்மையார் விளையாட்டாகச் சொன்ன சொல் அங்கேதான் சென்று தைக்கிறது.

வரியைக் குறைக்க முயல்வது பாவமா என்று சிலர் கேட்பதுண்டு. சட்டம் திறந்து வைத்திருக்கும் வாயில் வழியாக நடப்பதில் பாவம் எதுவும் இல்லை. கணவனும் மனைவியும் தத்தம் பணத்தைத் தத்தம் பி.பி.எஃப். கணக்கில் செலுத்துவதும், இருவரும் தனித்தனியே மூத்த குடிமக்கள் திட்டத்தில் சேர்வதும் அவ்வாறு திறந்த வாயில்களே. உள்ளது ஒன்றாகவும் எழுதுவது மற்றொன்றாகவும் இருக்கும்போதுதான் அங்கே வாய்மை பிறழ்கிறது. கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுவது, வேறொருவர் பெயரில் தம் சொத்தை மறைப்பது, இல்லாத கடனைக் காட்டுவது ஆகியன வரிக்கணக்கில் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. நாளடைவில் மனமும் இரட்டைக் கணக்கு எழுதப் பழகிவிடுகிறது. பூசை அறையில் ஒரு கணக்கு, பெட்டகத்தில் மற்றொரு கணக்கு என்றாகிவிட்டால் சாதனை எப்படி முன்னேறும்?

தேவைக்கு அளவு உண்டு

"எவ்வளவு போதும்?" என்னும் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதுமையில் நோய் வரும், மருத்துவச் செலவு கூடும், விலைவாசி ஏறும், இருவரில் ஒருவர் நெடுங்காலம் தனித்து வாழ நேரலாம். இவற்றையெல்லாம் எண்ணிச் சேமிப்பது இல்லறத்தாரின் கடமையே. பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று எண்ணுவதும் அன்பின் ஒரு வடிவம். இதைப் பற்று என்று இகழ்வது முறையாகாது.

பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் யாக்ஞவல்கியர்–மைத்ரேயி உரையாடலை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆத்ம வித்தையின் சிகரமாக அதைப் போற்றுகிறோம். அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அது சொத்துப் பங்கீட்டில் தொடங்குகிறது! இல்லறத்தை விட்டு நீங்கப் போகும் யாக்ஞவல்கியர், தம் உடைமைகளை மைத்ரேயிக்கும் காத்யாயனிக்கும் முறையாகப் பிரித்துக் கொடுத்துவிட விரும்புகிறார். அப்போதுதான் மைத்ரேயி, உலகம் முழுவதும் செல்வத்தால் நிறைந்து தனக்கே உரியதானாலும் அதனால் தான் மரணமற்ற நிலையை அடைய முடியுமா என்று வினவுகிறாள். முடியாது என்கிறார் முனிவர். வசதி உடையோர் வாழ்வதைப் போன்ற வாழ்வு கிடைக்கும், அவ்வளவே என்கிறார்.

இந்த விடையில் உள்ள நேர்மையைக் கவனிக்க வேண்டும். செல்வம் பயனற்றது என்று முனிவர் சொல்லவில்லை. அப்படி எண்ணியிருந்தால் அதைப் பங்கிட்டுக் கொடுக்க முன்வந்திருக்க மாட்டார். செல்வம் எதைத் தரும், எதைத் தராது என்று மட்டுமே தெளிவுபடுத்துகிறார். உணவு, உறைவிடம், மருந்து, பணிவிடை ஆகியவற்றை அது தரும். மரண பயத்தை அது நீக்காது.

நம் சேமிப்பில் எல்லை மறைவது இங்கேதான். தேவைக்காகச் சேமிக்கிறோம் என்று தொடங்குகிறோம். தேவைக்கு ஓர் அளவு உண்டு. தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்ந்தால் ஏறத்தாழ எழுதிவிடலாம். நாளடைவில், நம்மை அறியாமலே, அச்சத்துக்காகச் சேமிக்கத் தொடங்குகிறோம். அச்சத்துக்கு அளவே கிடையாது. ஐம்பது லட்சத்தில் இருந்த அச்சம் ஐந்து கோடியிலும் அப்படியே இருக்கிறது. சில வேளைகளில் வளர்ந்தும் இருக்கிறது, ஏனெனில் இப்போது இழப்பதற்கு அதிகம் உண்டு. பணத்தால் தீர்க்கக்கூடிய கவலைக்குப் பணம் சேர்ப்போம். பணத்தால் தீராத அச்சத்துக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது என்பதை உணர்வோம். இதைப் பிரித்து அறியும் நாளில் "போதும்" என்னும் சொல் இயல்பாகவே வாயில் வரும்.

மறைவுக்குப் பின்

வாழும் காலச் சேமிப்புக்கு அரசு இத்தனை எல்லைகள் வைத்திருக்கிறது. மறையும்போது விட்டுச்செல்லும் செல்வத்துக்கோ இன்று நம் நாட்டில் வரி ஏதும் இல்லை. முன்பு இருந்தது. 1953-இல் வந்த எஸ்டேட் தீர்வைச் சட்டம், ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது தீர்வை விதித்தது. ஒரு காலத்தில் அதன் உச்ச விகிதம் 85 விழுக்காடாக இருந்தது. வசூலான தொகை குறைவு, அதை வசூலிக்க ஆகும் தொல்லையோ மிகுதி என்ற காரணத்தால் 1985-இல் அது நீக்கப்பட்டது. 1958-இல் வந்த அன்பளிப்பு வரிச் சட்டம் 1998 அக்டோபர் முதல் செயலற்றது. 1957-இல் வந்த செல்வ வரியும் 2015-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கைவிடப்பட்டு, பெரும் வருமானம் உடையோர் மீது கூடுதல் மேல்வரி மட்டும் விதிக்கப்பட்டது. ஜப்பானில் வாரிசுரிமை வரியின் உச்ச விகிதம் 55 விழுக்காடு. பிரிட்டனில் 40 விழுக்காடு. நம் நாட்டில் எத்தனை கோடி விட்டுச்சென்றாலும் அதன் பொருட்டு அரசு ஒரு ரூபாயும் கேட்பதில்லை.

இதை ஒரு சலுகையாக மட்டும் கருதி மகிழ்ந்துவிடலாம். ஆனால் சட்டம் கேட்காமல் விட்ட இடத்தில் தர்மம் கேட்கத் தொடங்குகிறது. சமுதாயத்தின் சாலைகளையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் துணைகொண்டு ஈட்டிய செல்வத்தில், சமுதாயத்துக்கு என்று ஒரு பங்கு உண்டா? அந்தப் பங்கு எவ்வளவு? அதை எழுதும் பொறுப்பு இப்போது முற்றிலும் நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

செல்வர்கள் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக விளங்க வேண்டும் என்று காந்தியடிகள் வலியுறுத்தினார். கோயிலின் தர்மகர்த்தா நிலத்தைக் காக்கிறார், நகையைக் காக்கிறார், கணக்கு எழுதுகிறார், எதுவும் அவருடையதன்று. இதே கருத்தை வேறொரு கோணத்தில் நம் நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. வங்கியிலும் பிற இடங்களிலும் "நாமினி" என்று ஒருவர் பெயரை எழுதி வைக்கிறோம். அவரே உரிமையாளர் ஆகிவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றி 1983-லும், பங்குப் பத்திரங்கள் முதலியவை பற்றி 2023 டிசம்பரிலும் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் வேறு விதமாகக் கூறுகின்றன: நாமினி தொகையைப் பெற்றுக்கொள்பவர், பெற்றதை உரிய வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். ஆயுள் காப்பீட்டில் மட்டும், வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே பயன் சேரும் என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. எண்ணிப் பார்த்தால் நாம் ஒவ்வொருவரும் இவ்வுலகில் நாமினிகளே. பெற்றுக்கொள்கிறோம், சேர்ப்பிக்க வேண்டியவர்களுக்குச் சேர்ப்பித்துவிட்டுச் செல்ல வேண்டும்.

எழுதாமல் விட்டால்

இந்த இடத்தில் அம்மையார் மெல்ல ஒரு செய்தியைச் சொன்னார். இளமையில் தாயை இழந்த அவரை வளர்த்துப் படிக்க வைத்தவர் அவருடைய மூத்த சகோதரி. அதற்காகவே திருமணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவர். இப்போது திருச்சியில் வாடகை வீட்டில் தனியே வசிக்கிறார். அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் அவருக்குப் பணம் அனுப்புகிறார். "அக்காவுக்கு முன்னால் நான் போய்விட்டால்?" என்று கேட்டார்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் சேரும். அவர்கள் இல்லையெனில் கணவனின் வாரிசுகளுக்குச் சேரும். அதற்கும் பின்னரே பெண்ணைப் பெற்ற தாய் தந்தையரின் முறை வருகிறது. பெற்றோரிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும், பிள்ளைகள் இல்லாத நிலையில், வேறு விதி உண்டு. வளர்த்த அக்காவுக்கு இவ்வரிசையில் எங்கோ தொலைவில்தான் இடம்.

2009-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதன் கடுமையைக் காட்டும். 1955-இல் மணமான ஒரு பெண், மூன்றே மாதங்களில் கணவனைப் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றினர். பிறந்த வீட்டார் படிக்க வைத்தனர். வேலை செய்து தாமே சேமித்தார். 1996-இல் உயில் எழுதாமல் மறைந்தார். அவருடைய சேமிப்பு யாருக்கு? சட்டத்தின் சொற்படி, கணவனுடைய சகோதரியின் மகன்களுக்கே சென்றது. பரிவுணர்ச்சி சட்டத்தை மாற்ற இயலாது என்று நீதிமன்றம் கூற வேண்டியதாயிற்று. 2025 நவம்பரில் அதே நீதிமன்றம், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்குமாறு வேண்டிக்கொண்டது.

உயில் எழுதுவது அமங்கலம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்வது நல்லது. தெளிந்த மனத்துடன் எழுதிக் கையொப்பமிட்டு, இரு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும். நாம் அன்பு செலுத்தியவர்களுக்கு நம் அன்பு சென்று சேரும்படி ஓர் ஒழுங்கு செய்வதில் அமங்கலம் எங்கே இருக்கிறது?

ஒரு தம்பதியரின் ஏற்பாடு

ஜம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் சர் தோராப்ஜி டாடா. அவருடைய துணைவியார் மெஹர்பாய். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவிக்காக அவர் வாங்கிய ஜூபிலி வைரம் 245 காரட் எடை உடையது. 1924-இல் ஜம்ஷெட்பூர் உருக்காலை பெரும் நெருக்கடியில் சிக்கித் தொழிலாளர்க்குச் சம்பளம் தரவும் வழியின்றித் தவித்தபோது, மனைவியின் நகைகள் உட்பட ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள தம் சொந்தச் சொத்தை ஈடு வைத்து தோராப்ஜி கடன் பெற்றார். ஆலை பிழைத்தது.

1931-இல் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டே தோராப்ஜி, அந்நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்காக மனைவியின் பெயரில் ஓர் அறக்கட்டளையையும், தம் செல்வம் ஏறத்தாழ முழுவதையும் வைத்து மற்றோர் அறக்கட்டளையையும் நிறுவினார். அந்த வைரமும் அதில் அடக்கம். பின்னர் அது விற்கப்பட்டது. 1932 ஜூன் மாதத்தில் அவரும் மறைந்தார். பம்பாயில் 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அந்த அறக்கட்டளையால் உருவானது. இன்று நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏழை நோயாளிகள் அங்கே வருகிறார்கள். ஒரு பெண்ணின் கழுத்தை அலங்கரித்த கல், யாரோ ஒரு தாயின் மருந்தாக மாறியது. அன்று எஸ்டேட் தீர்வை கிடையாது. எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அவரைப் போல் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படிச் செய்வது அறிவுடைமையும் ஆகாது. வாழும் காலத்திலேயே வீட்டையும் பணத்தையும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு மூலையில் வாடும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு வைக்க நேர்ந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், கொடுத்தவர் தீர்ப்பாயத்தை அணுகி அந்தக் கொடையை ரத்துச் செய்யக் கோரலாம். இந்த நிலைக்கு இடம் தராமல், இருவரில் பின்னே வாழ்பவரின் காலம் வரைக்கும் வேண்டியதைத் தயக்கமின்றி ஒதுக்கி வைத்துக்கொள்வதே முறை. அதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டதை யாருக்காகக் காக்கிறோம் என்பதே கேள்வி.

ஆகவே அத்தம்பதியரிடம் ஒன்றே ஒன்றைச் செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். ஒரு மாலை நேரம், விளக்கேற்றிய பின், இருவரும் எதிரெதிரே அமருங்கள். என்னென்ன இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். பின்னே இருப்பவரின் வாழ்நாள் முடிய எவ்வளவு வேண்டும் என்று எழுதி அதன் கீழே ஒரு கோடு இடுங்கள். அந்தக் கோட்டைச் சட்டம் உங்களுக்காக வரையாது. பிள்ளைகளும் வரைய முடியாது. அதற்குக் கீழே வருவதற்கு நீங்கள் தர்மகர்த்தாக்கள். பிள்ளைகளுக்கு எவ்வளவு, கடன்பட்டவர்களுக்கு எவ்வளவு, முகம் அறியாத எளியவர்களுக்கு எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். யாக்ஞவல்கியர் புறப்படுவதற்கு முன் மனைவியை அழைத்துப் பேசினாரே, அதுபோல.

நான்கு மாதங்கள் கழித்து அவர்கள் மீண்டும் வந்தார்கள். இம்முறை தடித்த கோப்பு இல்லை. ஒரே ஒரு தாள்தான் இருந்தது. இருவரும் உயில் எழுதிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு உரியதை எழுதியிருந்தார்கள். பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்கும் ஒரு பங்கு எழுதியிருந்தார்கள். போதும் என்னும் கோட்டை எங்கே இடுவது என்பதில் மட்டும் அவர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருந்தது. அவருக்குச் சற்று மேலே. அம்மையாருக்குச் சற்றுக் கீழே.

விடைபெறும்போது கணவர் சொன்னார்: "ஐயா, இருபத்தைந்து லட்சம் ரூபாயை இவள் பெயருக்கு மாற்றிவிட்டேன். இம்முறை உண்மையாகவே கொடுத்துவிட்டேன். அதை அக்காவுக்கென்று தன் உயிலில் எழுதியிருக்கிறாள். வட்டிக்கான வரியை நான்தான் கட்டப் போகிறேன். வரியில் ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வாட்டம் எதுவும் இல்லை.